வைரத்துக்கு ஒரு மச்சம்

2024 பிப்ரவரி 4

இரண்டாவது கருவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடம்பு வலி கூட ஆறவில்லை, மாமியார் என் காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"கல்லுல கரும்புள்ளி. இத மாட்டிக்கிட்டு எப்படிப் புள்ள தங்கும்?"

என் கணவர் குணா சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஒற்றைக்கல் தோடு அப்பா போட்டது. புக்கிட் பெலண்டோக்கில் அவர் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்று ஆட்களை வெளியே அனுப்பியபோது கிடைத்த நஷ்டஈட்டுக் காசில் வாங்கினார். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்களே. அதனால் கல்லை மஞ்சள் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்து, மூன்று இரவு என்னைப் படுக்கச் சொன்னார். கெட்ட கனவு வரவில்லை. வாங்கிவிட்டார். காதருகே முகம் வைத்தால்தான் அந்தப் புள்ளி தெரியும். கல்யாணமான புதிதில் குணா கண்டுபிடித்தார். "உன் வைரத்துக்கும் மச்சம் இருக்கு லா" என்று சிரித்தார்.

அன்றைக்கு மச்சம். இன்றைக்குத் தோஷம்.

பிப்ரவரி 18

சிரம்பானில் விமலாவின் நகைக்கடைக்குப் போனேன். பள்ளித் தோழி, அங்கே வேலை செய்கிறாள். கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"எடை, நிறம், பட்டை, உள்ள இருக்கற குறை, இதெல்லாம் பாத்துத்தான்டி விலை. உன் கல்லு லேசா மஞ்சள் அடிக்குது. பின்னால மூடிக் கட்டியிருக்கறதால தெரியல. புள்ளி வலது தோட்டுல, ஓரமா. மண்ணுக்குள்ள கல்லு உருவாகும்போதே மாட்டிக்கிட்டது. ஆனா பட்டை சூப்பர் லா. உள்ள போற வெளிச்சத்த அப்படியே திருப்பி அனுப்புது, அதான் இந்த மின்னு மின்னுது."

"அப்ப ராசி?"

"அதப் பாக்க எங்க கடையில மெஷின் இல்ல."

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். என் போனில் புள்ளியைப் பெரிதாக்கிப் படம் பிடித்துக் கொடுத்தாள்.

புள்ளியால் குறைவது விலை மட்டும்தான். இதை வீட்டில் போய் யாரிடம் சொல்வது?

மார்ச் 10

தோட்டை மாமியாரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ரெம்பாவில் யாரோ பூசாரியாம், தோஷம் கழிப்பாராம். "குடுத்துடு லா, எதுக்குப் பிரச்சன?" என்றார் குணா. துளை மூடாமலிருக்கக் காதில் வேப்பங்குச்சி.

மார்ச் 24

தோடு திரும்பி வந்தது. "பாத்தியா, பூசையில புள்ளியே போயிருச்சு!" என்றார் மாமியார். உண்மைதான், புள்ளி இல்லை.

எனக்கு ஏன் சந்தோஷமே வரவில்லை?

ஏப்ரல் 6

விமலா சோதனைப் பேனாவைக் கல்லில் வைத்தாள். சத்தமே இல்லை. தன் வைர மோதிரத்தில் வைத்தாள், கீ என்று கத்தியது.

"புள்ளி கல்லுக்கு உள்ள இருக்கறதுடி. கல்ல மாத்தாம அது போகாது. தங்கம் உன்னுது. கல்லு உன்னுது இல்ல. இது கண்ணாடி."

ஏப்ரல் 7

குணாவிடம் கேட்டேன். "எங்கம்மாவத் திருடிங்கறியா?" என்று கத்தினார். சோற்றுத் தட்டு பறந்தது. போனிலிருந்த படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெரியாமல் கத்தினாரா? தெரிந்து கத்தினாரா?

ஏப்ரல் 20

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தினமும் இவர்களுக்குச் சோறு போடுகிறேன்.

மே 19

லுக்குட் மண்டபத்தில் நாத்தனார் புனிதாவுக்கு வளைகாப்பு. கல்யாணத்தில் வைரம் போடவில்லை என்று அவள் புகுந்த வீட்டில் குத்திக் காட்டிக்கொண்டே இருந்தார்களாம். இப்போது தாய்வீட்டுச் சீராக ஒற்றைக்கல் தோடு.

வளையல் போட நானும் எழுந்தேன். "நீ சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்க" என்றார் மாமியார், எல்லார் முன்னாலும். பிள்ளை தங்காத கை அல்லவா. நான் என்ன பாவம் பண்ணேன்? யார் குடியக் கெடுத்தேன்?

உடை மாற்றும் அறைக்குப் புனிதா வந்தாள். "அண்ணி, திருகாணி லூசாயிருச்சு. மாட்டி விடுங்களேன்."

வலது தோடு என் உள்ளங்கையில் விழுந்தது. ஓரத்தில் புள்ளி.

வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும் மகள் காதில் தோஷமுள்ள கல்லை எந்தத் தாய் போடுவாள்? அப்படியென்றால் தோஷம் என்று ஒருநாளும் நம்பவில்லை. நம்பாமலே என் வயித்தப் பாத்து அந்தப் பேச்சுப் பேசியிருக்கா!

"ரெண்டுமே லூசா இருக்கு, கழட்டு" என்றேன். ஆசாரி என் தோட்டைப் பார்த்தே புதுசைச் செய்திருக்கிறான், இம்மியும் வித்தியாசம் இல்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு என் காதிலிருந்ததைக் கழற்றி, என் கல்லை நான் போட்டுக்கொண்டு, கண்ணாடியை அவளுக்கு மாட்டினேன். திருகாணியை நன்றாக இறுக்கினேன். "தேங்ஸ் அண்ணி" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

வெளியே எல்லாரும் அவளிடம் என்ன மின்னு, என்ன மின்னு என்றார்கள்.

ஜூலை 28

புனிதாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்.

"எல்லாம் அந்த வைரத்தோட ராசி!" வார்டு முழுக்கக் கேட்டது மாமியார் குரல்.

புனிதா குழந்தையை என் கையில் கொடுத்தாள். பார்க்கக் குனிந்த குணா என் காதருகே அப்படியே நின்றுவிட்டார். பிறகு சட்டென்று திரும்பி அவர் பார்த்தது புனிதாவின் காதை.

தெரிந்துதான் கத்தியிருக்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது.

"சத்தமா கேளுங்க. உங்கம்மாவுக்கும் கேக்கட்டும்" என்றேன்.

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். குழந்தையைப் புனிதாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இதை அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. பாய் போட்டுத் தலையணை கொடுத்தார். இன்றைக்குத் தோட்டைக் கழற்றாமலே படுக்கப்போகிறேன்.