வியர்வைக்கு உப்பு

சிங்கப்பூர்
9.3.2025

அன்புள்ள பூங்குழலிக்கு,

நான் நலம். நீயும் மகள் கீதாஞ்சலியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கையால் எழுதி, அதை போட்டோ எடுத்து அனுப்புகிறானே என்று சிரிக்காதே. அறையில் பத்துப் பேர் இருக்கிறோம். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் மீதி ஒன்பது பேரும் பதில் சொல்கிறார்கள். இது அவர்கள் காதில் விழ வேண்டாத சங்கதி.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு கம்பெனியில் மெடிக்கல் நடந்தது. எனக்கு எடையும் அதிகம், பிரஷரும் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். மே கடைசியில் மறுபடி பார்ப்பார்களாம். அப்போதும் இப்படியே இருந்தால் கிரேனில் ஏற விடமாட்டார்கள், ஊருக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள். உப்பளத்தில் வாரிக்கொண்டிருந்தபோது என் விலா எலும்பை எண்ணலாம் என்று கேலி செய்வாயே, அந்த ஆள்தான். இத்தனை வருடம் கேபினில் உட்கார்ந்து கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருந்தால் வயிறு வராமல் என்ன வரும்?

இங்கே ஜிம்முக்குக் கேட்கிற காசில் கீதாவின் ஹாஸ்டலுக்குக் கட்டிவிடலாம். அதனால் வேலை முடிந்து வரும்போது, அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே எல்லாருக்கும் இலவசமாக நிறுத்தி வைத்திருக்கும் உடற்பயிற்சிக் கருவிகளில் ஏறி ஆடுகிறேன். சீனப் பாட்டிமார் வரிசையாக நின்று கையை வீசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். பிறகு மேல்மாடி வரைக்கும் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். வியர்த்து ஊற்றுகிறது. தலைதான் கொஞ்சம் சுற்றுகிறது.

கீதாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. நர்சிங் படிக்கிற பெண், எதையாவது நினைத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடும்.

அன்புடன்,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
14.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. போன தடவை லீவில் வந்தபோதே வயிற்றைப் பார்த்தேன். சட்டை துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்றீர்கள்.

தலை சுற்றுவதற்கா இவ்வளவு யோசனை? கேபினில் ஏறினதும் பிழைத்த பிழைப்பு மறந்துவிட்டதா? சித்திரை வெயிலில் உப்புப் பாத்தியில் நின்று தலை சுற்றினால் நாம் என்ன செய்வோம்? நீராகாரத்தில் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு மறுபடி வாரப் போவோம். இன்றைக்கும் மேஸ்திரி முருகையன் அதைக் குடிக்காமல் யாரையும் பாத்தியில் இறங்க விடுவதில்லை. உங்களுக்கு வியர்வையில் உப்பு போகிறது, அவ்வளவுதான். படி ஏறி இறங்கினதும் தண்ணீரில் உப்புக் கலந்து குடியுங்கள், தெளிந்துவிடும்.

உங்கள் அறைக்காரர் தனக்கோடி லீவு முடிந்து அடுத்த வாரம் கிளம்புகிறார். நம் அளத்து உப்பும், நானே காயவைத்த கருவாடும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கேட்டரிங் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்பீர்களே, தொட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு படி ஏறாதீர்கள்.

கீதாவிடம் சொல்லவில்லை. ஆனால் பெண்ணிடம் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள்
குழலி


சிங்கப்பூர்
27.4.2025

அன்புள்ள குழலிக்கு,

நீ டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவள். உப்புத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததிலிருந்து தலைசுற்றல் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் ஒரு பாட்டில், சாயங்காலம் ஒரு பாட்டில். கருவாட்டை அறையே மோப்பம் பிடித்து வந்துவிட்டது. பாதியை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன்.

எடை நன்றாக இறங்கியிருக்கிறது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். சீனப் பாட்டிமாரோடு சேர்ந்து நானும் கை வீசுகிறேன். அதில் ஒருத்தி, நான் வரவில்லை என்றால் மறுநாள் கையை ஆட்டி ஏன் என்று கேட்கிறாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனாலும் திட்டுகிறாள் என்று தெரிகிறது, உன் ஞாபகம் வருகிறது.

காலையில் எழுந்தால் பின்கழுத்தில் ஒரு வலி. தலையணை சரியில்லை, வேறு வாங்க வேண்டும். மெடிக்கலை நினைத்து இப்போது பயமே இல்லை.

அன்புடன்,
தட்சணாமூர்த்தி


சிங்கப்பூர்
1.6.2025

அன்புள்ள குழலிக்கு,

மெடிக்கல் முடிந்தது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

எடையைப் பார்த்து டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிரஷர் மட்டும் முன்பைவிட ஏறியிருக்கிறது. இரண்டு மூன்று தடவை கட்டிப் பார்த்தார்கள், இறங்கவே இல்லை. அப்பா வழியில் வந்ததாக இருக்கும் என்றார். அதற்கு யார் என்ன செய்ய முடியும்? கிரேன் போய்விட்டது.

ஆனால் ஊருக்கு அனுப்பவில்லை. சூப்பர்வைசர் அந்தோணிசாமி நம் ஊர்ப் பக்கம், பொம்மையார்பாளையத்துக்காரர், நமக்காகப் பேசினார். அதே கம்பெனியில் கட்டடம் கட்டும் இடத்தில் கம்பி சுமக்கிற வேலை. அதற்கு பிரஷர் எல்லாம் பார்ப்பதில்லையாம். சம்பளம் குறைவுதான், ஓவர்டைம் செய்தால் சமாளிக்கலாம். இனி படிக்கட்டும் வேண்டாம், பாட்டிமாரும் வேண்டாம். நாள் முழுக்க உடற்பயிற்சி, அதற்குக் கம்பெனியே காசு கொடுக்கிறது. சிரித்துவிடு.

அன்புடன்,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என்னால் சிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை கீதா புதுச்சேரியிலிருந்து வந்திருந்தாள். வேலைக்கு எடுத்துப்போக நீராகாரத்தில் உப்பு போட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு எதற்கு என்று கேட்டாள். உங்க அப்பாகூட இதைக் குடித்துத்தான் தலைசுற்றல் நின்றது என்று வாய்தவறி வந்துவிட்டது. பிறகு பிரஷர், மெடிக்கல், கருவாடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. "அப்பாவுக்கு இருக்கற பிரஷருக்கு இது விஷம்மா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். திட்டவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நான்தான் கொடுத்தேன். என் கையால் பொட்டலம் கட்டி, நூல் சுற்றி அனுப்பினேன்.

உங்கள் அப்பாவுக்கு ஏது பிரஷர்? கடைசிவரை வண்டி மாடு மாதிரி உழைத்து, பாம்பு கடித்துச் செத்தவர். எனக்குத் தெரியாதா? அந்தப் பேச்சை எதற்காக எழுதினீர்கள் என்று இப்போது புரிகிறது.

இந்த பிரஷரோடு வெயிலில் கம்பி சுமந்தால் எந்த நேரத்திலும் மூளையில் நரம்பு வெடிக்கலாம், கை கால் விழுந்துபோகலாம் என்கிறாள் கீதா. வேண்டாம் மாமா. வந்துவிடுங்கள். முருகையனிடம் பேசிவிட்டேன், காவலுக்கு உங்களை எடுத்துக்கொள்கிறேன் என்றார். கீதா படிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறேன் என்கிறாள். போனில் கேட்டால் சரி சரி என்று வைத்துவிடுகிறீர்கள். வருகிறேன் என்று எழுதுங்கள். இல்லையென்றால் என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
குழலி


சிங்கப்பூர்
15.6.2025

அன்புள்ள குழலிக்கு,

மெடிக்கல் அன்றைக்கே எனக்குத் தெரியும். என்ன சாப்பிடுகிறாய், என்ன குடிக்கிறாய் என்று டாக்டர் கேட்டார், சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றோடு உப்புத் தண்ணீரும் கருவாடும் நிறுத்தியாயிற்று. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், போடுகிறேன். நீ அழுவாய் என்றுதான் செத்துப்போன மனிதர் தலையில் பழியைப் போட்டேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது? தலை சுற்றுகிறது என்று நான் சொன்னேன், உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய். எனக்கும் அதுதானே தெரியும்.

வேலையை மட்டும் விட முடியாது. காவல்காரன் கூலியில் கீதாவைப் படிக்க வைக்க முடியாது என்று உனக்கும் தெரியும். அவள் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நான் இங்கே இத்தனை காலம் கிடந்ததற்கு அர்த்தமே இல்லை. அவள் படிப்பு முடிகிற அன்றைக்கு டிக்கெட் எடுக்கிறேன்.

இதைப் பற்றி இனி எழுதாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாள் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடுகிறேன். பயத்தோடு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஊர் சங்கதி எழுது.

அன்புடன்,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
22.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் கீதாவும் நலம். ஊர் சங்கதி கேட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வாரிக் குவித்த உப்பில் பாதிக்கு மேல் கீற்று போட்டு மூடிவிட்டோம், பாத்தியில் கிடந்தது கரைந்துவிட்டது. நாலு நாள் வேலை இல்லை, நேற்றுதான் மறுபடி தண்ணீர் பாய்ச்சினோம். எதிர் வீட்டு ஆராயி பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கீழ்புத்துப்பட்டு அய்யனாரப்பனுக்குப் பொங்கல் வைத்தார்கள். நானும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

கீதாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாள். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். நீங்கள் வேண்டாம் என்றது எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. இதில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

போன் போட்டால் வேலை நேரத்தில் எடுக்க மாட்டீர்கள், எடுத்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கும். அதனால் போடுவதில்லை. விடிந்ததும் வாட்ஸப்பைத் திறந்து, உங்கள் பெயருக்குக் கீழே கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று காட்டுகிற நேரத்தைப் பார்க்கிறேன். நேற்றைக்கு இருந்தது மாறியிருந்தால் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

உங்கள்
குழலி