மஞ்சள் ஏறாத நொதி

என்னங்க, உங்கள் முதுகுவலி தேவலையா? மகளுக்குச் சளி விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

செவ்வாயன்று ஆய்வகத்தில் ஒரு கூத்து. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் நொதி ஒன்றை, நீள நூல் சுருண்டு உருவம் எடுப்பதுபோல, குழாயில் மடிய விட்டிருந்தேன். அது மடியும்போதே மஞ்சள் வைட்டமினைச் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் வைட்டமின் உள்ளே போய் உட்காரும், நொதிக்கும் உயிர் வரும். அந்த நேரம் பார்த்து நீங்கள் போனில் மகளைக் காட்டினீர்கள். எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. அரைமணி கழித்துத்தான் ஊற்றினேன். கழுவியதும் மஞ்சள் மொத்தமும் தண்ணீரோடு போய்விட்டது.

கூட வேலை செய்யும் அக்கா திட்டவில்லை. "அது மடிஞ்சு முடிஞ்சிருச்சும்மா. இனிமே எவ்வளவு ஊத்தினாலும் ஏறாது" என்றார். சிரித்து வைத்தேன்.

அன்று மகள் என்னைப் "போன் அம்மா" என்றாளே, யார் சொல்லிக்கொடுத்தது? சும்மா கேட்டேன்.

நாம் பேசியபடியே இங்கே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவளுக்குச் செருப்பு வாங்க வேண்டும். தூங்கும்போது பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். இரண்டு தாளாக அனுப்புங்கள். ஒன்றைக் கடையில் கொடுத்துவிடுவேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
நான்