தவலையின் அடி

மாசி, செவ்வாய் இரவு.

வெந்நீர் போடும் செம்புத் தவலை அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. எங்கள் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபிறகு வாங்கியது. உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளையாய் உப்புக் காறை. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பாழாய்ப்போன தண்ணீர்!

சுரங்கத்துப் பாய்லரில் கரி அள்ளிப் போடும் என் வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்தார்.

"காறை கட்டினா சூடு தண்ணிக்கு ஏறாது. நெருப்பு செம்பைத் தின்னுடும்."

முகமே சரியில்லை.

"இன்னாங்க?"

"பாய்லருக்கும் இதே தண்ணிதான். நெருப்ப அணைச்சி காறைய செதுக்கணும், இல்லாட்டி வெடிச்சிடும். தொரை ஒத்துக்கல. ஆளுங்கள இறக்குற கேஜ் நின்னுடுமாம்."

சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

தூங்க விடுவதில்லையென்று அந்தப் பாய்லர் இரைச்சலைத் தினமும் திட்டுவேன். இன்று அது நிற்கக் கூடாதென்று காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.