சுரண்டி எடுத்த பெயர்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கப்பலில் உங்கள் உடம்பையும் ஆண்டவர் நலமாய் வைத்திருப்பாராக. மாமாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. சமையலறைக் குழாயை நானே மாற்றிவிட்டேன்.

உங்கள் தம்பியைப் பற்றி மறுபடி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. போதகர் என்ற அதிகாரத்தில், சபைப் பலகையில் இருந்த ‘பாப்டிஸ்ட்’ என்ற சொல்லை ஆள்வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டார். இப்போது நாம் ‘புத்தொளி அரங்கம்’. சோப்புக்கு வைக்கிற பெயர்! மற்ற பாப்டிஸ்ட் சபைகளோடு நமக்கிருந்த ஐக்கியத்திலிருந்து விலகுவதாகவும் கடிதம் அனுப்பியாயிற்று. எல்லாம் முடிந்த பிறகுதான் சபைக்கே சொன்னார்.

லேத் பட்டறை அண்ணன் எழுந்து, “நம்ம சபையில கூட்டிப் பெருக்கறவங்களுக்கும் ஒரு ஓட்டு, போதகருக்கும் ஒரு ஓட்டுதானே? எங்களை எப்போ கேட்டீங்க?” என்றார். உங்கள் தம்பியோ பாட்டுக்குழுவை வாசிக்கச் சொல்லிவிட்டார். ஜனங்களும் கைதட்டினார்கள், அத்தான். அந்தக் கைதட்டலைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தம்பி வீட்டில் பெயர் மாற்றப் பேச்சு அடிபடுகிறது என்று நான் எழுதியதற்கு, பெயரில் என்ன இருக்கிறது, விட்டுக்கொடுத்துப் போ என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கேளுங்கள். நம் மகள் போன மாதம் தானாகவே ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றாள். பத்தொன்பது வயது, நான் ஒரு வார்த்தை தூண்டவில்லை. சித்தப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். முழுகி ஞானஸ்நானம் எடுக்கிற தொட்டியை மூடி, அதன்மேல் ஸ்பீக்கர் அடுக்கியாயிற்றாம். “தலையில ரெண்டு கை தண்ணி ஊத்திடறேன்மா, வீடியோவிலயும் நல்லா வரும்” என்றாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

ரயிலடி பாப்டிஸ்ட் சபைக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே அந்தப் போதகரும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். ஐக்கியத்தை விட்டு வந்த நாங்கள் எந்த முகத்தோடு கேட்பது என்று கூசினேன். “விலகினது ஒரு கடுதாசி. நீங்க இல்லையே” என்றார் அந்த அம்மா. மறு ஞாயிறு நாற்பது பேர் உட்கார்ந்து நம் பெண் தன் விசுவாசத்தைச் சொன்ன சாட்சியைக் கேட்டு, கை உயர்த்தி அவளை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் நாலு பேரைக்கூட எனக்கு முன்பின் தெரியாது. அந்தப் பெயரில் இருந்தது இதுதான், அத்தான்.

நேற்று உங்கள் தம்பி வாசலில் நின்றபடியே, அங்கே போய் முழுக்கு எடுத்தால் இனி இந்தச் சபைப் படி ஏறக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். உங்களைச் சொல்லி, ‘அண்ணனும் என் பக்கம்தான்’ என்றும் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

அது உண்மையா என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவள் தண்ணீரில் இறங்குகிறாள். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அதற்குள் அவளுக்கு, உங்கள் கைப்பட, இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கடலிலும் கரையிலும் கர்த்தர் உங்களைக் கைவிடாதிருப்பாராக.

உங்கள் மனைவி