பினாங்கில் கிடைத்த சிவப்புச் செருப்பு

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கோலாலம்பூரில் விமானம் மாறும்போதுகூடப் பயமில்லை. "தட்டாஞ்சாவடி பட்டறையில வேல முடியல, நீ மட்டும் போய்ட்டு வா"ன்னு நீங்கள் அனுப்பியதும் நல்லதற்குத்தான்.

விடுதியை உங்கள் போனில்தான் பதிவு செய்தேன். தேடியதும் முதலில் வந்ததையே எடுத்தேன். சின்ன இடம், சுத்தமாக இருக்கிறது.

வரவேற்பில் இருந்த தமிழ்ப் பெண் பதிவில் உங்கள் பெயரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க சாரோட தங்கச்சியா? போன மே மாசம் சாரும் அவங்க வைஃபும் வந்தப்ப, பாப்பா இத விட்டுட்டுப் போயிட்டா."

ஒரு ஜோடிச் சிவப்புச் செருப்பை எடுத்து வைத்தாள்.

"ஆமா, தங்கச்சிதான். குடுத்துடறேன்" என்றேன்.

மே மாதம் நீங்கள் கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொன்னீர்கள்.

செருப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டே மலை ரயில் ஏறினேன், கோயில் பார்த்தேன். எதுவும் கண்ணில் நிற்கவில்லை. செருப்பு என் உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயது இருக்குமா?

பதினோரு வருடமாக ஒரு பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும்தான் போகிறேன். "கொற உங்கிட்டதான்" என்றீர்கள். நம்பினேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது வில்லியனூரில் அம்மா வீட்டில் இருப்பேன். வந்து கூப்பிட வேண்டாம். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கருவடிக்குப்பம் வீட்டில் இருந்தவள்