எட்டாவது மாடிக் கண்ணாடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, என் நெஞ்சு ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் பொதுச்சொத்து என்பது உனக்கே தெரியும். உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிடுவாள். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவள்தான் முடித்துவைப்பாள். அவள் முடித்துவைக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால் கீழே குடியிருப்போர் சங்க அறையில் உட்கார்ந்து, செயலாளர் வேலை பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் அம்மாவைப் பற்றி உனக்கு எதுவும் எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. சத்தியம் வாங்காத குறைதான். போன தடவை என் நெஞ்சுவலிக்கு நீ இருந்த வேலையை உதறிவிட்டு ஓடி வந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வேலையாவது உனக்கு நிலைக்க வேண்டும் என்கிறாள். ஆகவே அவளைப் பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. கண்ணாடியைப் பற்றி எழுதுகிறேன்.

ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கு முன்னால் ஒரு கூடம் இருக்கிறதே, அதற்கும் படிக்கட்டுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பும் கதவும் உண்டல்லவா? அது வெறும் ஜன்னல் கண்ணாடியாம். மாநகராட்சித் தீப்பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தீயைத் தாங்கும் கண்ணாடி போடுங்கள் என்று கெடு வைத்துவிட்டுப் போனார். எதைப் போடுவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன், எனக்குத் தெரியாத கண்ணாடியா என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால் ஆறாவது மாடித் தையல்காரரைக் கூப்பிட்டு ஆபரேஷனுக்குத் தையல் போடச் சொல்லலாம்.

ஒன்பதாவது மாடிப் பொருளாளரை உனக்கு நினைவிருக்கும். தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே முகம் சுளிப்பாரே, அவர்தான். அவர் முதலில் கடினப்படுத்திய கண்ணாடியே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்றார். அடியைத் தாங்குவது வேறு, தீயைத் தாங்குவது வேறு, சூடு ஏறினால் அது பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று அதிகாரி சொன்ன பிறகுதான் அடங்கினார். கண்ணாடி மட்டும் சரியாக இருந்தால் போதாதாம். சுற்றியுள்ள சட்டமும் ஓரத்தில் வைக்கும் பட்டையும் அதோடு சேர்ந்தே சோதனையில் தேறியிருக்க வேண்டுமாம். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அழியாத முத்திரை இருக்க வேண்டும், அதைச் சட்டத்துக்குள் மறைத்துவிடவும் கூடாது.

கம்பெனிக்கு நானே போனேன். அங்கே விளக்கம் சொன்ன பெண்ணுக்கு உன் வயது இருக்கும், ஆனால் உன்னைவிடப் பொறுமைசாலி. இரண்டு வகைக் கண்ணாடிகளை நிறுத்திப் பின்னால் தீயை மூட்டினாள். முதல் வகை அசையாமல் நின்றது. தீயும் புகையும் அந்தப் பக்கமே இருந்தன. பிறகு கையைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னாள். ஒரு முழ தூரத்திலேயே கையை இழுத்துக்கொண்டேன். தீ வரவில்லை, ஆனால் அனல் அப்படியே வந்தது. இரண்டாவது வகைக்குள் அடுக்கடுக்காகக் கூழ் போல ஏதோ வைத்திருக்கிறார்கள். தீ பட்டதும் அது பொங்கி, கண்ணாடி முழுவதும் பால் போல வெளுத்துப்போனது. பயந்துகொண்டேதான் உள்ளங்கையை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. நான் கையை எடுக்கவே இல்லை. அவள்தான் போதும் சார் என்றாள்.

இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “விதிப்படி உங்க இடத்துக்கு முதல் வகையே போதும் சார். தாண்டி ஓடிப் போறவங்களுக்கு அது போதும். ஓட முடியாம, தீயணைப்பு ஆளுங்க வர்ற வரைக்கும் அங்கேயே நின்னு காத்திருக்கிறவங்க இருந்தா மட்டும் ரெண்டாவதைப் பாருங்க.” அப்படி யாராவது உங்கள் கட்டடத்தில் இருக்கிறார்களா என்றும் கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம் தீ ஒத்திகை நடந்தது. மணி அடித்தால் எல்லோரும் படி வழியாக இறங்க வேண்டும். எங்கள் மாடியில் ஒருவர் மட்டும் இறங்கவில்லை. நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் எல்லோருக்கும் டீ போட்டு வைக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதி நூறு பிள்ளைகளை வரிசையாகப் படியிறக்கிய விளையாட்டு டீச்சர் அவர். அவருக்கா ஒத்திகை வேண்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். மேலே வந்தபோது டீ தயாராக இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

நீ கெட்டிக்காரி. இதை இரண்டு தடவை படி. போனில் மட்டும் எதையும் கேட்டு வைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இரு.

அப்பா

*

அன்புள்ள மகளுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், தபால் எடுக்க வந்துவிடுவார்கள். என் கடிதம் கிடைத்தது என்பது நீ போனில் பேசிய விதத்திலேயே தெரிந்தது. அப்பா, கண்ணாடி எப்படி இருக்கு என்று குரல் தழுதழுக்க யாராவது கேட்பார்களா? நல்லவேளை, அதுக்கென்ன, ரெண்டு வகை இருக்காம் என்று உன் அம்மாவே பதில் சொல்லிவிட்டாள்.

நீ கேட்டதற்கு என் பதில்: சமதரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே போகிறது. படி என்றால் ஒன்றுகூட முடியவில்லை. இடுப்பில் நரம்பை ஏதோ அழுத்துகிறதாம். லிஃப்ட் ஓடுகிறவரை அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை, தீ என்றால் முதலில் நிறுத்துவது லிஃப்டைத்தான். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்கிறார் டாக்டர். கண்ணாடி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. உன் வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சாதிக்கிறது. அதன் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

சங்கக் கமிட்டியில் இரண்டாவது வகைதான் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். விலை அதிகம், எதற்கு என்றார்கள். சத்தம் கேட்காது என்றேன், பார்வைக்கு அழகு என்றேன். வாய்க்கு வந்ததை எல்லாம் உளறினேன். மாநகராட்சியே போதும் என்று சொல்லும்போது உங்களுக்கு என்ன வந்தது என்று பொருளாளர் கேட்டார். காரணம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஊர் தன்னை நொண்டி என்று பார்க்கக் கூடாது என்று உன் அம்மா சொன்னது ஞாபகம் வந்து, மென்று விழுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், அதில் முடிவு.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தெருவில் சைரன் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். பக்கத்து வீட்டில் ஏதாவது கருகினால் போய் மணி அடித்து விசாரிக்கிறேன். அவர்கள் என்னைக் கண்டாலே அடுப்பை அணைக்கிறார்கள். உன் அம்மா இதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்னதான் ஆச்சு என்று அதட்டுகிறாள். நீ சொல், நான் என்ன செய்யட்டும்?

அப்பா

*

என் கண்ணே,

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இனி கண்ணாடி பெயரில் எழுத வேண்டியதில்லை.

காலையில் உன் அம்மாவிடமே கேட்டேன். கூட்டத்தில் உன்னைப் பற்றிச் சொல்லட்டுமா என்றேன். சொல்லித்தான் பாருங்களேன் என்றாள். அனுமதி கொடுக்கிற குரல் இல்லை அது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கீழே போனேன்.

முதல் வகைக்கே எல்லோரும் கையைத் தூக்கப் போனார்கள். நான் எழுந்து நின்றேன். “என் வீட்டம்மாவால படி இறங்க முடியாது. தீப்பிடிச்சா அவ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால நின்னுதான் ஆகணும்.” இவ்வளவுதான் சொன்னேன். ஒத்திகை அன்று சிரித்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. நாங்கள் நடித்த நடிப்பு அப்படி.

அப்போது பொருளாளர் எழுந்தார். எதிர்த்துப் பேசப் போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க அப்பா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கார்னு சொன்னேன்ல, பொய். உள் ரூம்லதான் படுத்திருக்கார். ரெண்டு வருஷமா.” சங்கத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. நானும் தினமும் அந்த மனிதரோடு தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு எட்டாவது, ஒன்பதாவது மாடிகளுக்கு மட்டும் இரண்டாவது வகை போடலாமே என்று ஒருவர் ஆரம்பித்தார். இரண்டாவது மாடியில் புதிதாகக் குடிவந்த கர்ப்பிணிப் பெண் விடவில்லை. யார் எந்த மாடியில் எப்போது விழுவோம் என்று எழுதியா வைத்திருக்கிறது, போட்டால் எல்லா மாடிக்கும் போடுங்கள் என்றாள். முணுமுணுத்துக்கொண்டேயாவது கைகள் உயர்ந்தன. நிறைவேறிவிட்டது.

நிம்மதி என்று நினைக்காதே. அந்தக் கண்ணாடியை இங்கே கொண்டுவந்து வெட்ட முடியாதாம். ஓரம் பிரிந்தால் உள்ளே இருக்கும் கூழ் கெட்டுவிடும். அளவெடுத்துப் போய்ச் செய்துதான் கொண்டுவர வேண்டும். கம்பெனிப் பெண் வந்து ஒவ்வொரு மாடியாக அளந்துவிட்டுப் போயிருக்கிறாள். வந்து சேர்கிறவரை பழைய ஜன்னல் கண்ணாடிதான் காவல். அதுவரை கீழ்த்தளத்தில் காலியாக இருக்கும் வீட்டுக்கு மாறிவிடலாம் என்று கெஞ்சினேன். உன் அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டம் முடிந்து நான் மேலே வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். உன் அம்மா சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. தட்டை வைத்த சத்தத்திலேயே எனக்குப் பாதிப் பசி போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து, பெண்ணுக்கும் எழுதியாச்சா என்று கேட்டாள். கண்ணாடியைப் பற்றித்தான் எழுதினேன் என்றேன். நம் பெண் என்றைக்குக் கண்ணாடியைப் பற்றி விசாரித்திருக்கிறாள், போனில் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றாள். போனில் அவள் உனக்குச் சொன்ன பதில் எல்லாம் தெரிந்தேதான் சொன்னது. நாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம், பார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு நடந்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், புகை எங்கிருந்து வரும், தான் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, மணி அடித்தால் நீங்கள் நிற்காமல் இறங்கிவிட வேண்டும் என்றாள். நான் இறங்க மாட்டேன் என்றேன். டீ போடுவதற்கு இரண்டு பேர் எதற்கு என்றாள். இந்த ஒரு விஷயம் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை, முடிவாகவும் போவதில்லை.

ஒரு நல்ல சேதி. ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டாள். ஊருக்கே தெரிந்த பிறகு இனி யாருக்காக மறைப்பது என்றாள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை. டாக்டர் நல்லவர், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். அவளுக்கும் பயமில்லையாம். உள்ளே அவளைக் கொண்டுபோன பிறகு வெளியே பெஞ்சில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருப்பேன். உட்கார்வேனோ, நடப்பேனோ.

உன் வேலையை விட்டுவிடாதே. நீ நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் அவள் நிற்கிறாள். நீ எடுத்ததெல்லாம் கைகூடி, எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருவரும் மனசார வாழ்த்துகிறோம்.

இதற்காக நீ வர வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அது அவள் சொன்னது. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

உன்
அப்பா