மூன்று நிறுத்தம் தள்ளி நம் வீடு

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஊரே டிவியில் பார்த்ததே.

நம் நாட்டுக்கும் உன் பெண்டாட்டி நாட்டுக்கும் ஒரே ஒரு கிரிக்கெட் ஆட்டம், அதையும் நம் ஊர் மைதானத்தில் வைத்தார்கள். அதைப் பார்க்க எல்லை தாண்டி வரத் தெரிந்த உனக்கு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் வீட்டுக்கு வழி தெரியாமல் போய்விட்டதா? அப்பா அப்போது சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். யாரோ சிக்ஸர் அடித்ததும் கூட்டத்தைக் காட்டினார்களாம், உன் மடியில் ஒரு குட்டிப் பெண், அச்சு அசல் உன் முகம், ஒரு கன்னத்தில் நம் கொடி, மறு கன்னத்தில் அவள் அம்மா நாட்டுக் கொடி. இந்த மனுஷன் பாதி முகம் நுரையோடு தெருவில் ஓடிவந்து, "டிவியப் போடு, பேத்தி, பேத்தி" என்று கத்தினார். நல்லவேளை, இடைவேளையில் மறுபடி காட்டினார்கள். எனக்குக் குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தைவிட உன்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. பேத்தி பிறந்ததை நான் கிரிக்கெட் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? "அந்த நாட்டுக்காரியக் கட்டினா இந்த வாசப்படி மிதிக்காத" என்று அப்பா சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. வாய்க்கொழுப்பு. அதற்கு அவரை நான் இன்றுவரை விட்டேனா? ஆனால் நான் உன்னை என்னடா சொன்னேன், போன் நம்பரைக்கூட மாற்றிக்கொண்டு போனாயே. உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் போடும் நிலைமை எனக்கு.

ஆட்டம் முடிந்து நீங்கள் மூவரும் வருவீர்கள் என்று அன்றைக்கு ஐந்து பேருக்குச் சமைக்கச் சொன்னதே அப்பாதான். மிச்சச் சவரத்தை முடித்துக்கொண்டு இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். யார் ஜெயித்தது என்று எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு, "தெரியலப்பா" என்றார். இருட்டிய பிறகு எழுந்து உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. வீம்பில் நீ அவரையே மிஞ்சிவிட்டாய், போ.

இன்னொன்று. அந்த வெயிலில் குழந்தையைத் தொப்பி இல்லாமல் உட்கார வைத்திருந்தாயே, அறிவிருக்கிறதா? மருமகள்தான் தன் துப்பட்டாவை எடுத்து அவள் தலையில் போட்டாள், பார்த்தேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, சொல்லிவிடு.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். பேத்திக்கும் எழுதத்தான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள்? அதையாவது எழுதித் தொலை.

கோபம் தணியாத
உன் அம்மா